பழைய ஃபைட்டிங் கேம் ஆடிப் பார்க்க ஆசையா? ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் தொடங்குங்கள்

பழைய ஃபைட்டிங் கேமை முதல் தடவை திறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கைக்கு வந்த பட்டனையெல்லாம் தட்டி இரண்டு ஆட்டம் ஜெயிக்கிறார்கள். மூன்றாவது ஆட்டத்தில் கம்ப்யூட்டர் துவைத்து எடுக்கிறது. 'இதைப் போய் ஏன் முப்பது வருஷமாகக் கொண்டாடுகிறார்கள்?' என்று மூடி வைத்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்குத்தான்.

கொண்டாடுவதற்குக் காரணம், என்னைக் கேட்டால், இந்த கேம்கள் சின்னவை என்பதே. 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் தேர்ந்தெடுக்க எட்டே பேர். ஒவ்வொருவருக்கும் ஸ்பெஷல் அடிகள், அதாவது திசையையும் பட்டனையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் வருபவை, விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். விதிகள் மொத்தமும் சில நாளில் தலைக்குள் வந்துவிடும். அப்புறம் படிக்க மிச்சமிருப்பது எதிரில் ஆடும் ஆளை மட்டும்தான். அவர் பயந்தவரா, அவசரக்காரரா, ஒரே தந்திரத்தை எத்தனை முறை செய்வார் என்பதெல்லாம் திரையிலேயே தெரியும். கீழே சொல்லும் வரிசையும் அந்த இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதற்கான வரிசைதான்.

தொடங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தொண்ணூறுகளில் நம்மூர் வீடியோ கேம் கடைகளில் காசு போட்டு ஆடியவர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 'முஸ்தபா'. அதன் உண்மையான பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். ஸ்ட்ரீட் ஃபைட்டரைத் தந்த அதே கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தபா அதில் ஒரு பாத்திரம், அவ்வளவுதான். அதுவும் அடிதடிதான், ஆனால் அதில் நண்பர்கள் எல்லாரும் ஒரே கட்சி; நடந்துகொண்டே போய் வில்லன்களை அடிப்பார்கள். இங்கே பேசுவது ஒருவருக்கு ஒருவர் மோதும் வகை. 99-இலிருந்து இறங்கும் கடிகாரம், மேலே இரண்டு லைஃப் கோடுகள், மூன்றில் இரண்டு சுற்று எடுத்தவருக்கு வெற்றி.

எதை வாங்குவது

முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 1987-இல் வந்தது. அதைத் தொட வேண்டாம். அதன் ஆர்கேட் இயந்திரத்தின், அதாவது கடையில் காசு போட்டு ஆடும் பெட்டியின், ஒரு வகையில் பட்டனுக்குப் பதிலாக இரண்டு பெரிய ரப்பர் திண்டுகள் இருந்தன. எவ்வளவு ஓங்கிக் குத்துகிறீர்களோ அவ்வளவு பலமான அடி விழும். ஆட வந்தவர்களின் கையும் வலித்தது, இயந்திரமும் தாங்கவில்லை. அதனால் மெல்லிய, நடுத்தர, பலமான குத்து மூன்று, அதே மாதிரி உதை மூன்று என்று ஆறு பட்டன் வைத்தார்கள். இன்றுவரை ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஆறு பட்டன் இருப்பது அந்தத் திண்டுகளின் மிச்சம். தீப்பந்து எறியும் ஹதோக்கென், எழும்பிக் குத்தும் ஷோர்யூக்கென் எல்லாம் அந்த முதல் கேமிலேயே உண்டு. ஆனால் எப்படிச் செய்வது என்று கேம் சொல்லாது, தெரிந்து செய்தாலும் பத்தில் ஒன்றுதான் வரும். அதை உருவாக்கிய தகாஷி நிஷியாமா அப்புறம் எஸ்.என்.கே. நிறுவனத்துக்குப் போய் ஃபேட்டல் ஃப்யூரி, கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் வரிசைகளுக்கு வழி போட்டார்.

கேப்காமில் மிஞ்சியவர்கள், அகிரா நிஷிடானியும் அகிரா யசுதாவும், 1991-இல் கொண்டுவந்ததுதான் இரண்டாம் பாகம். அதற்குப் பின் மூன்றே வருஷத்தில் அதையே திருத்தித் திருத்தி நான்கு தடவை விட்டார்கள். 1992-இல் சாம்பியன் எடிஷன்: நான்கு வில்லன்களையும் நாமே ஆடலாம், இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தை எடுக்கலாம். அதே வருஷக் கடைசியில் ஹைப்பர் ஃபைட்டிங். இதன் கதை சுவாரசியமானது. ரெயின்போ எடிஷன் என்ற திருட்டுப் பதிப்பு ஆர்கேடுகளில் பரவிக்கொண்டிருந்தது. அதில் வேகம் கன்னாபின்னாவென்று இருக்கும், ஆகாயத்தில் இருந்துகொண்டே தீப்பந்து விடலாம், நடு ஆட்டத்தில் ஆளையே மாற்றலாம். கேம் என்று பார்த்தால் குப்பை, ஆனால் கூட்டம் அதற்குத்தான். அதைப் பார்த்து கேப்காமே வேகத்தைக் கூட்டி, ஒழுங்காகச் செய்து வெளியிட்டது. அடுத்து 1993-இல் சூப்பர், 1994-இல் சூப்பர் டர்போ.

புதிதாக வருபவர்களுக்கு என் பரிந்துரை ஹைப்பர் ஃபைட்டிங். சூப்பர் டர்போதான் ஆழமானது. ஆனால் அதில் கம்ப்யூட்டர் ஆடும் ஆட்டம் கொடூரம், முதல் எதிரியிடமே மூன்று நாள் மாட்டிக்கொள்வீர்கள். 2018-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30-ஆவது ஆண்டுத் தொகுப்பில் இவை எல்லாம் சேர்த்து 12 கேம்கள் இருக்கின்றன. ஸ்டீம், ப்ளேஸ்டேஷன் 4, ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றிலும் கிடைக்கும். தள்ளுபடி வரும்வரை பொறுத்தால் விலை நன்றாகவே இறங்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தப் பன்னிரண்டில் ஆன்லைனில் ஆட முடிவது நான்குதான். ஹைப்பர் ஃபைட்டிங் அந்த நான்கில் ஒன்று.

கையில் என்ன, கண்ணெதிரே என்ன

ஆர்கேட் இயந்திரத்தில் இருப்பது போன்ற குச்சியும் பட்டனும் கொண்ட ஆர்கேட் ஸ்டிக் வாங்க இப்போதைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கையில் இருக்கும் கண்ட்ரோலர் போதும், ஆனால் அனலாக் குச்சியை விட்டுவிட்டு இடப்பக்கக் கூட்டல் குறிப் பட்டனைப் பயன்படுத்துங்கள். கீபோர்டிலும் ஆடலாம். மலிவான கீபோர்டுகளில் மூன்று விசைகளைச் சேர்ந்தாற்போல் அழுத்தினால் ஒன்று பதிவாகாமல் போகும், முதலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். குத்து மூன்றும் மேல் வரிசை, உதை மூன்றும் கீழ் வரிசை, இடமிருந்து வலமாகப் பலம் கூடும். இந்த அமைப்பை மாற்றாதீர்கள், எல்லா வீடியோ விளக்கங்களும் இதை வைத்துத்தான் இருக்கும்.

டிவியில் ஆடுபவர்கள் அமைப்புகளுக்குள் போய் 'கேம் மோட்' என்பதை ஆன் செய்துவிடுங்கள். டிவி படத்தை அழகுபடுத்த எடுத்துக்கொள்ளும் கண நேரத்தில் எதிரியின் கால் உங்கள் முகத்தில் இருக்கும். பழைய குழாய் டிவியில் இந்தத் தொல்லை கிடையாது. பழைய கேம் பிரியர்கள் இன்னும் அந்தப் பெட்டிகளைத் தேடி அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆளைத் தேர்ந்தெடுங்கள், மாற்றாதீர்கள்

ரியூ. யோசிக்கவே வேண்டாம். தூரத்திலிருந்து எறிய ஒன்று, குதித்து வருபவனை வீழ்த்த ஒன்று, எதிரியின் காலை வார ஒன்று என்று இந்த வகை கேம்களின் அடிப்படை முழுவதும் அவரிடம் இருக்கிறது. அதற்குப் பின் வந்த எத்தனையோ கேம்களில் யாராவது ஒருவர் ரியூவின் அச்சில்தான் இருப்பார்.

நம்ம ஊர்ப் பாசத்தில், எட்டுப் பேரில் இந்தியரான தால்சிமை எடுக்கத் தோன்றும். யோகி, வாயிலிருந்து நெருப்பு, பின்னால் பிளிறும் யானைகள், கழுத்தில் மண்டையோட்டு மாலை. வெளிநாட்டுக்காரர் கற்பனையில் இந்தியா எப்படியிருந்தது என்பதற்கு நல்ல சாட்சி. ஆனால் கை கால் நீளும் அந்த ஆள் மற்ற யாரைப் போலவும் ஆடமாட்டார். அவரிடம் கற்றது வேறு எவரிடமும் உதவாது. ஆசை இருந்தால் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சும்மா நில்லுங்கள்

இரண்டு பேர் ஆடும் முறையைத் திறந்து, மறுபக்கம் யாரையாவது அடிக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாரும் இல்லையென்றால் கம்ப்யூட்டரை எளிதான நிலையில் வைத்து ஆடலாம். நீங்கள் ஒரு பட்டனும் தொடக்கூடாது. நடப்பதும் தடுப்பதும் மட்டும்.

தடுப்பதற்கு எதிரிக்கு எதிர்த்திசையில், அதாவது பின்னால், அழுத்திப் பிடிக்க வேண்டும். உட்கார்ந்து பின்னால் அழுத்தினால் கிட்டத்தட்ட எல்லா அடியும் தடுபடும், குதித்து வந்து மேலிருந்து அடிப்பதைத் தவிர. அதற்கு எழுந்து நின்று தடுக்க வேண்டும். நின்றுகொண்டே இருந்தால் தரையோடு வரும் உதை காலை வாரிவிடும். ஆக, இயல்பாக உட்கார்ந்த தடுப்பு, குதித்தால் மட்டும் எழுந்து தடுப்பு. இதோடு இரண்டு விதிகளை நினைவில் வையுங்கள். தடுத்தாலும் ஸ்பெஷல் அடி லைஃபில் கொஞ்சம் கொறிக்கும். பிடித்து எறிவதைத் தடுக்கவே முடியாது. பக்கத்தில் வர விடாமல் இருப்பதுதான் மருந்து.

ஒரு சாயங்காலம் இப்படி ஆடினாலே பட்டன் தட்டுபவர்களிடம் தோற்பது பாதியாகக் குறைந்துவிடும். அவர்களுடைய அடிகளில் இத்தனை இடைவெளி இருக்கிறதா என்று ஆச்சரியமாகவும் இருக்கும்.

ஹதோக்கென்

கீழ், கீழ்-முன் மூலை, முன், அதோடு குத்து. 'முன்' என்றால் எப்போதும் எதிரி இருக்கும் பக்கம். கட்டைவிரலை எடுக்காமல் ஒரே இழுப்பாக உருட்டுங்கள். முன் வந்து சேரும் நேரமும் குத்து விழும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். வராவிட்டால் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று: அவசரத்தில் மூலை விடுபட்டிருக்கும், குத்து முந்தியிருக்கும், இல்லாவிட்டால் விரல் முன்னையும் தாண்டி மேலே போய் ரியூ குதித்திருப்பார். பழைய கேம்கள் நேரத்தில் கறார். இப்போதைய கேம்களைப் போல ஏறக்குறைய செய்ததற்கெல்லாம் மார்க் போடமாட்டா.

ஷோர்யூக்கென் என்ற எழும்பும் குத்துக்கு முன், கீழ், கீழ்-முன் மூலை, குத்து. மூலையிலேயே நிறுத்திவிடுங்கள். பழக்கதோஷத்தில் விரல் முன்னுக்கு ஓடினால் பல சமயம் ஹதோக்கென்தான் வரும். வீடியோக்களில் 236, 623 என்று எண்களாகப் போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். கீபோர்டின் வலப்பக்க எண் கட்டத்தைத் திசைகளாக நினைத்துக்கொண்டால் அவை விளங்கிவிடும்: 2 கீழ், 6 முன், 3 நடுவிலுள்ள மூலை.

இரண்டு பக்கமும் நின்று பழகுங்கள். இடப்பக்கத்திலிருந்து சரளமாக எறிபவர்கள் வலப்பக்கம் போனதும் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடுவார்கள்.

எறிந்தால் என்ன நடக்கிறது

கேமின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ரியூ ஒரு பக்கம், அமெரிக்க ராணுவ வீரர் கைல் மறுபக்கம், நடுவில் திரை முழுக்க இடம்.

நீங்கள் மெல்லிய குத்தில் ஹதோக்கென் எறிகிறீர்கள். அது மெதுவாகப் போகும். பலமான குத்தில் எறிந்தால் வேகம். ஒருவருடைய பந்து ஒரு நேரத்தில் திரையில் ஒன்றுதான் இருக்க முடியும். அது மறையும்வரை அடுத்ததை எறிய முடியாது. கைல் என்ன செய்வார்? தடுத்தால் லைஃப் கொறிபடும். தன் பந்தை எறிந்து மோதவிடலாம். பொறுமை போனால் அதைத் தாண்டிக் குதிப்பார். குதித்தவரால் ஆகாயத்தில் திசை மாற்ற முடியாது. எங்கே விழுவார் என்பது தரையை விட்ட நொடியிலேயே முடிவாகிவிட்டது. அங்கே ரியூ ஷோர்யூக்கெனோடு காத்திருப்பார். உருட்டல் இன்னும் கைக்கு வராவிட்டால், உட்கார்ந்து பலமான குத்து ஒன்று போதும். அதுவே மேல்நோக்கிப் போகும்.

இப்போது அவர் பக்கம் போய்ப் பாருங்கள். கைல் தன் பந்தான சோனிக் பூமை எறிய, பின்னால் அழுத்திச் சுமார் ஒரு நொடி வைத்திருந்து, முன் தள்ளிக் குத்த வேண்டும். குதித்து வருபவரை வீழ்த்தும் அவருடைய எதிர்ப்பு உதைக்கும் அதே கதை: கீழே அழுத்தி வைத்திருந்து, மேலே. ஆகவே உட்கார்ந்து பின்வாங்கியிருக்கும் கைலிடம் இரண்டு ஆயுதமும் தயார். முன்னால் நடந்து வரும் கைலிடம் இரண்டுமே இல்லை! அவர் எழுந்து இரண்டடி வைத்தால் அதுதான் உங்கள் நேரம். இதை எந்தக் கோடும் எண்ணும் உங்களுக்குச் சொல்லாது. அவர் நிற்கும் விதம் சொல்லும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இது மனிதர் ஆடும் கைலுக்குத்தான் பொருந்தும். கம்ப்யூட்டர் கைல் எதையும் அழுத்தி வைத்திருக்கத் தேவையில்லை. முன்னால் நடந்து வந்துகொண்டே எதிர்ப்பு உதையை அடிப்பார். இதை ஏமாற்று வேலை என்று சொல்லலாம். ஆர்கேட் இயந்திரம் காசு விழுங்கப் பிறந்தது, வேறென்ன எதிர்பார்ப்பது? கம்ப்யூட்டரோடு கை பழகலாம், யுக்தி பழகாதீர்கள்.

ஒரு காம்போ போதும்

உட்கார்ந்து நடுத்தர உதை. கால் நீண்டு திரும்புவதற்குள் ஹதோக்கென். உதை பட்டதும் அதன் மீதி அசைவு வெட்டுப்பட்டுப் பந்து கிளம்பிவிடும், எதிரிக்குத் தடுக்க நேரமிருக்காது.

இப்படி எதிரி தடுக்க முடியாமல் அடிகள் தொடர்ந்து விழுவதுதான் காம்போ. அந்தச் சங்கதியே திட்டமிட்டு வந்ததில்லை. கார் உடைக்கும் போனஸ் சுற்றைச் சோதித்துக்கொண்டிருந்த கேப்காமின் நொரிடாகா ஃபுனமிசு, ஒரு குத்தின் மேல் இன்னொரு குத்து தொடுத்து விழுவதைக் கவனித்தார். சரியான கணத்தில் அடிப்பது யாருக்கும் லேசில் வராது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆட வந்தவர்கள் அதையே பிரதானமாக்கினார்கள். எத்தனை அடி தொடர்ந்தது என்று திரையில் எண்ணிக் காட்டுவது 1993-இன் சூப்பர் பதிப்பில்தான் வந்தது. அதற்குள் இந்த வகை கேம் எல்லாவற்றுக்கும் காம்போ இலக்கணமாகிவிட்டது.

இரண்டாவது காம்போவுக்கு அவசரப்படாதீர்கள். பத்து அடி தொடர்களை வீடியோ பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு, முதல் அடியை எப்படிப் படவைப்பது என்று தெரியாமல் நிற்பவர்கள் ஏராளம்.

அப்புறம் மனிதர்கள்

அமெரிக்க ஆர்கேடுகளில் அடுத்து ஆட விரும்புபவர் தன் காசை இயந்திரத்தின் கண்ணாடி ஓரத்தில் வைத்துவிட்டு நிற்பார். அந்தக் காசு வரிசைதான் க்யூ. ஜெயித்தவர் இருப்பார், தோற்றவர் விலக வேண்டும். ஜப்பானில் இரண்டு இயந்திரங்களை முதுகோடு முதுகு ஒட்டி வைத்தார்கள், எதிரில் ஆடுபவரின் முகமே தெரியாது. இரண்டு ஊரிலும் நடந்தது ஒன்றுதான்: தோற்றால் காசு போகும், அதனால் யாரும் அலட்சியமாக ஆடவில்லை.

இன்று அந்த இடத்தில் ஆன்லைன் இருக்கிறது. நெடுநாள் இது உருப்படியாக இல்லை. எதிரியின் பட்டன் இணையம் கடந்து வரும்வரை கேம் காத்திருந்தால் எல்லாம் சேற்றில் நடப்பது போலாகும். 2006-இல் டோனி கேனன் என்பவர் ஜி.ஜி.பி.ஓ. என்ற மென்பொருளில் வேறு வழி பிடித்தார். கேம் காத்திருக்காது, எதிரி என்ன அழுத்தியிருப்பார் என்று ஊகித்து ஓடும். ஊகம் தப்பினால் சில கணம் பின்னால் போய்த் திருத்திக்கொண்டு தொடரும். ரோல்பேக் என்கிறார்கள். கடல் கடந்து பழைய கேம்களை ஆட முடிவது இதனால்தான்.

வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள். கிட்டத்திலுள்ள நாடுகளில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுங்கள். ஆரம்பத்தில் தொடர்ந்து தோற்பீர்கள். முப்பது வருஷமாக இதே கேமை ஆடுபவர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். ஜெயிப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஆட்டத்தில் குதித்து வரும் எல்லாரையும் அடிப்பேன், இந்த ஆட்டத்தில் நான் குதிக்கவே மாட்டேன், இப்படி. எல்லாவற்றையும் விடப் பயன் தருவது, உங்கள் அளவே தெரிந்த ஒரு நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆடுவது. லைஃப் குறையும்போது, கேமுக்கு இசையமைத்த யோகோ ஷிமோமுராவின் இசை திடீரென்று வேகம் பிடிக்கும். பக்கத்தில் ஆள் இருந்தால் அந்த நேரத்துப் பதற்றமே தனி.

இது சலித்த பின்

சலிக்க நாளாகும். சலித்தால் 1998-இன் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸுக்குப் போங்கள். நான்கே பட்டன், மூன்று பேர் கொண்ட அணி, ஓட்டம், குட்டிக் குதி, உருண்டு தப்பித்தல். நம்மூர்க் கடைகளில் 97-ஆம் வருஷப் பதிப்பு ஆடியவர்களுக்கு இது சொந்த வீடு மாதிரி இருக்கும். மார்ட்டல் காம்பாட் 1992-இல் வந்தது. உண்மையான ஆட்களைப் படம்பிடித்து உள்ளே போட்ட ரத்தக் களரி. அமெரிக்க செனட்டில் விசாரணை வரை போய், கேம்களுக்கு வயது முத்திரை குத்தும் அமைப்பு 1994-இல் உருவாக அதுவும் ஒரு காரணமானது. வரலாற்றுக்காக ஒரு முறை பார்க்கலாம், ஆட்டம் எனக்கு ஒட்டவில்லை. முப்பரிமாணம் வேண்டுமென்றால் சேகாவின் 1993 விர்ச்சுவா ஃபைட்டர்: குத்து, உதை, தடுப்பு என்று மூன்றே பட்டன்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இன் 1999 பதிப்பான தேர்ட் ஸ்ட்ரைக்கைக் கடைசியாக வையுங்கள். அதில் அடி படும் கணத்தில் முன்னால் தட்டினால் லைஃப் இழக்காமல் தட்டிவிடலாம். 2004-இல் அமெரிக்காவில் நடந்த ஈவோ என்ற ஃபைட்டிங் கேம் போட்டியில் டைகோ உமேஹாரா, ஜஸ்டின் வாங்கை எதிர்த்து ஆடிய வீடியோ எங்கும் கிடைக்கும். டைகோ ஆடிய பாத்திரமான கென்னுக்கு லைஃப் ஒரு நூலிழை. ஜஸ்டினின் பாத்திரமான சுன்-லி, பதினைந்து உதைகள் கொண்ட சூப்பரை, அதாவது ஸ்பெஷலைவிடப் பெரிய அடியை, அவிழ்க்கிறார். தடுத்தால் போதுமே என்று புதியவர்கள் நினைப்பார்கள். தடுத்தால் கொறிபட்டே செத்துவிடுவார் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். பதினைந்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுத் திருப்பி அடித்து ஜெயித்தார். பார்க்கும்போது முதல் தடவை கென்னைப் பாருங்கள். இரண்டாம் தடவை, சூப்பருக்கு முந்தைய சில நொடிகளில் ஜஸ்டினின் சுன்-லி எங்கே நிற்கிறார், எப்படித் தயங்குகிறார் என்று மட்டும் பாருங்கள்.